இருபத்தேழாவது படம்

மே மாதம். சத்துவாச்சாரியில் வாடகைக்கு எடுத்த அறை.
மின்விசிறி சுற்றுவதும் மடிக்கணினி மூச்சுவாங்குவதும்
ஒரே சத்தமாகக் கேட்கிற பிற்பகல்கள்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து போனார்கள்.
ஆளுக்கு ஒரு தம்ளர் மோர், இருநூறு ரூபாய், மூன்று சோதனைகள்.

முதலாவதில் எழுத்துகள் வரும்.
க. ம. க. த. ம. த.
இரண்டுக்கு முன்னால் வந்ததே திரும்ப வந்தால்
பொத்தானை அழுத்த வேண்டும்.
நேற்றை ஏந்திக்கொண்டே
முந்தாநாளைக் கீழே போடுகிற வேலை.

இரண்டாவதில் ஒரு கணக்கு, ஒரு சொல்.
எட்டும் ஐந்தும் பதினான்கா? சட்டி.
ஒன்பதில் மூன்று போனால் ஆறா? வாசல்.
கணக்குகளுக்கு நடுவே சொற்களைச்
சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வெறும் படங்கள்.
எட்டுக் கட்டம் நிரம்பியிருக்கும். ஒன்பதாவது காலி.
அங்கே என்ன வரும்?

ஆரணி பஸ் கண்டக்டர் முனிரத்தினம்
எழுத்துகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.
சொற்களில் கவிழ்ந்தார்.
"கணக்கு முடிஞ்சா அது போயிடும் சார். போவலன்னா
வேலூர்ல ஏறினவன் சில்லறைய
கண்ணமங்கலத்தான் கையில குடுத்துடுவேன்."

மேல்விஷாரம் ஷமீமா, ஷூ கம்பெனியில் தையல்,
ஏழு சொல்லையும் வரிசை பிசகாமல் சொன்னார்.
எழுத்துகளில் திணறினார்.
முதலில் வந்த 'க'வை அவர் கடைசிவரை விடவே இல்லை.
"வந்தத வுட்டுட்டு வான்னா எப்படிங்க?"

படங்களில் இருவருக்கும் இருபத்துநான்கு.

இரண்டு சோதனைக்கும் ஒரே பெயர்தான்: செயல்நினைவு.
ஒன்றில் நிற்பவர் மற்றதிலும் நிற்பார் என்று சொல்லித்தான்
பணம் வாங்கியிருந்தோம்.
இரவு ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டுக்கும் நடுவே புள்ளி ஒன்று ஏழு.
இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.
ஆனால் இரண்டிலிருந்தும் படங்களுக்கு ஒரு கோடு போகிறது,
தனித்தனியாக,
ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றது அறாமல்.

"எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கே" என்றார் பேராசிரியை.
திரும்ப ஓட்டினேன்.
புள்ளி ஒன்று ஏழு.

எனக்கு அது புதிதில்லை.
பூபாலனும் நானும் பேசி மூன்று வருடம்.
அம்மாவுக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ்.
செவ்வாய்க்கிழமை ரசீது அவன் பெயரில்,
வெள்ளிக்கிழமை ரசீது என் பெயரில்.
எங்களை வைத்து ஒரு படம் வரைந்தால்
அவனுக்கும் எனக்கும் இடையில் கோடு விழாது.
அம்மா இரண்டு ரசீதையும் ஒரே குண்டூசியில் குத்தி வைத்திருக்கிறாள்.

இதை அறிக்கையில் எழுத முடியாது.
'பொதுக் காரணி' என்று தொடங்குகிற பத்தியை
நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தேன்.

ஜூன் கடைசியில் ஒருநாள் ஆரணி பஸ்ஸில் ஏறினேன்.
முனிரத்தினம்தான். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
"எங்க?"
"கண்ணமங்கலம்."
நூறு ரூபாய்த் தாள். டிக்கெட்டின் பின்னால் பாக்கியைக் கிறுக்கினார்.
அத்தோடு நான் முடிந்துபோனேன்.

கணியம்பாடி தாண்டி, படிக்கட்டுக் கூட்டத்தை உள்ளே தள்ளிவிட்டு
என் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி,
முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"அந்த இருபத்தேழாவது படம், சார்.
கோடு ஒண்ணொண்ணா குறையுது. புள்ளி உள்ள போவுது.
அப்ப கடைசில கோடே இருக்காது.
உள்ள புள்ளி மட்டும். கரெக்டா?"

கரெக்ட்.
என் அட்டவணையில் அந்தக் கட்டத்தில் பூஜ்ஜியம் இருக்கிறது.
தொண்ணூறு விநாடி, விடையில்லை.
எத்தனை ஆயிரம் டிக்கெட்டுக்கு அடியில்
அதை வைத்திருந்தார்?
எந்தப் பத்தியில் இதை எழுதுவது என்று
நான் தேடிக்கொண்டிருக்கும்போதே விசில் அடித்துவிட்டார்.

இறங்கினேன். பஸ் புழுதிக்குள் போய் மறைந்தது.
கையில் டிக்கெட்.
பின்பக்கம், அவர் கையெழுத்தில், 72.